வேப்பெண்ணெய் மருந்து என்று சொல்லி ஏமாற்றினார்: செம்பூர் பக்கம் நாய், பூனை வளர்ப்பவர்கள் கவனத்துக்கு

நாய் பூனை இருக்கும் வீட்டில் தெள்ளுப்பூச்சி வந்துவிட்டது, யாரோ ஒருவர் "ஒரே தடவை அடித்தால் போதும், மூன்று மாதம் கேரண்டி" என்கிறார் என்றால் அவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். கீழே எழுதியிருப்பது கொஞ்சம் நீளம். பொறுமை இல்லாதவர்கள் இந்த ஒரு வரியோடு நிறுத்திக்கொண்டாலும் எனக்குச் சம்மதம்.

மும்பை செம்பூரில் பழைய சொசைட்டி (அடுக்குமாடிக் குடியிருப்பு) ஒன்றின் முதல் மாடியில் இருக்கிறோம். நான், கணவர், மாமியார், பதினோரு வயது நாட்டு நாய் மணி, இரண்டு வயதுப் பூனை சிட்டு. ஜூலையில் மழை வலுத்த வாரம் மாமியார் கணுக்காலைச் சொறிய ஆரம்பித்தார். கொசு என்று நினைத்துக் கொசுவர்த்தி ஏற்றினோம். நான்காம் நாள் வேலைக்கு வரும் மராத்தி அம்மாள் தரை துடைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "பிசூ" என்றார். எங்கள் ஊர்ப் பக்கம் தெள்ளு என்போம். உண்ணி வேறு, இது வேறு. உண்ணி கடித்த இடத்திலேயே ஒட்டிக்கொண்டு ரத்தம் குடித்து உப்பும். தெள்ளு எள்ளைவிடச் சிறியது, பக்கவாட்டில் தட்டையானது, நகத்தைக் கொண்டுபோவதற்குள் துள்ளி மறைந்துவிடும்.

மாமியாரின் பேன் சீப்பை எடுத்து மணியின் வாலடியில் வாரினேன். மிளகை இடித்துத் தூவியதுபோல் கறுப்புப் பொடி உதிர்ந்தது. அதை ஈரமான வெள்ளைத் துணியில் தட்டினேன். மண்ணாக இருந்தால் மண்ணாகவே கிடக்கும். தெள்ளின் எச்சமாக இருந்தால், அது உலர்ந்த ரத்தம் என்பதால், சுற்றிலும் செம்பழுப்பாகக் கசியும். ஒரு நிமிடத்தில் கசிந்தது.

கதவிடுக்கில் யாரோ செருகிவிட்டுப் போன துண்டுச்சீட்டு வீட்டில் கிடந்தது. கரப்பான், கறையான், மூட்டைப்பூச்சி, எல்லாவற்றுக்கும் மூலிகை மருந்து, வளர்ப்புப் பிராணிகளுக்குத் தீங்கில்லை என்று போட்டிருந்தது. கூப்பிட்டேன். இந்தியில் ஆரம்பித்த ஆள், என் உச்சரிப்பைக் கேட்டுவிட்டு, "தமிழா அக்கா? எந்த ஊர்?" என்றார். திருநெல்வேலிப் பக்கம் என்றேன். "அட, நமக்கு வள்ளியூர்!" அவ்வளவுதான். அதற்குப் பிறகு கேட்க வேண்டிய எந்தக் கேள்வியையும் நான் கேட்கவில்லை. முப்பது வருடம் பம்பாயில் குப்பை கொட்டியும் ஒருவர் தமிழில் அக்கா என்றால் மூளை கழன்று விழுந்துவிடுகிறது.

சனிக்கிழமை காலை வந்தார். கூட ஒரு பையன். முதுகில் மாட்டும் தெளிப்பான், ஒரு பிளாஸ்டிக் வாளி, பழைய தண்ணீர் பாட்டில் ஒன்றில் மஞ்சளாக ஏதோ. அதை வாளித் தண்ணீரில் ஊற்றியதும் பால்போல வெளுத்தது. மண்ணெண்ணெய் வாடை மூக்கில் ஏறியது. என்ன மருந்து என்றேன். "வேப்பெண்ணெய் கலந்தது அக்கா, மூலிகை." வேப்பெண்ணெய் வாசம் எனக்குத் தெரியாதா? கைக்குழந்தைக் காலம் முதல் முகர்ந்த வாசம் அது. தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இந்தக் கதையில் நான் வெட்கப்படும் இடம் இதுதான்.

இரண்டு படுக்கையறை வீட்டை இருபது நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். நடுத்தரையிலும் சுவரிலும் சரசரவென்று அடித்தார்கள். கட்டிலுக்கு அடியில் குனியவில்லை. சோபா மெத்தையைத் தூக்கவில்லை. மணி பகலெல்லாம் படுத்துக் கிடக்கும் மூலையில் இருந்த கோணிச்சாக்கைக் காலால் நகர்த்திவிட்டு, அடித்தபின் அதே இடத்தில் தள்ளிவைத்தார்கள். 2,800 ரூபாய். நிறுவனக் கணக்குக்கு அல்ல, அவருடைய சொந்த எண்ணுக்கு அனுப்பச் சொன்னார். ரசீது என்று கொடுத்த சீட்டில் முகவரி இல்லை, உரிம எண் இல்லை, எந்த மருந்து என்று எழுதவும் இல்லை. "3 மாத கேரண்டி" மட்டும் கொட்டை எழுத்தில் இருந்தது.

கிளம்பும்போது பையிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்து நீட்டினார். லேபிள் கிழிக்கப்பட்டிருந்தது. "இது இலவசம் அக்கா. பிடரியில் சொட்டுவிடுங்கள். நாய்க்கும் பூனைக்கும் ஒரே மருந்துதான்."

மேல்வீட்டில் விட்டிருந்த இரண்டையும் பிற்பகல் அழைத்துவந்து பிடரியில் விட்டேன். மணிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஐந்து மணிக்குச் சிட்டுவின் காது துடித்தது. ஈ உட்கார்ந்ததுபோல ஒரு சின்னத் துடிப்பு. பிறகு முகத்தின் ஒரு பக்கம். பிறகு வாயிலிருந்து எச்சில் நூலாக இறங்கியது. ஆறு மணிக்கு நிற்க முடியாமல், குளிர் காய்ச்சல் வந்த பிள்ளைபோல உடம்பு முழுக்க உதறிக்கொண்டு கிடந்தாள். துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு டாக்ஸி பிடித்துப் பரேலில் இருக்கும் கால்நடை மருத்துவமனைக்கு ஓடினோம். மழை. வழியில் இந்துமாதா பகுதியில் தண்ணீர் தேங்கி வண்டிகள் நகரவில்லை. மடியில் அந்த உதறல் நிற்கவும் இல்லை.

மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "மேலே என்ன போட்டீர்கள்?" என்பதுதான். அங்கிருந்தே அந்த ஆளைக் கூப்பிட்டேன். ஏழாவது முறை எடுத்தார். "பெயர் நினைவில்லை அக்கா, நல்ல மருந்துதான்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். மருந்தின் பெயர் தெரியாமலேயே, அறிகுறிகளைப் பார்த்து, பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி கலந்த நாய் மருந்தாக இருக்கும் என்று மருத்துவர் ஊகித்தார். பாத்திரம் கழுவும் சோப்பு நீரால், வெதுவெதுப்பாக, பிடரியைத் திரும்பத் திரும்பக் கழுவினார்கள். உதறலை அடக்க ஊசி, நரம்பு வழியாகத் திரவம். மூன்றாம் நாள் சிட்டு தானாக எழுந்து தண்ணீர் குடித்தாள்.

அங்கே தெரிந்துகொண்டதைச் சொல்லிவிடுகிறேன். பெர்மெத்ரினை நாயின் உடல் உடைத்து வெளியேற்றிவிடும். பூனையின் ஈரலுக்கு அந்தத் திறன் மிகக் குறைவு. அதனால் நாய்க்கு மருந்தாவது பூனைக்கு விஷமாகிறது. நாய்க்குப் போட்ட ஈரம் காய்வதற்குள் பூனை அதோடு உரசிப் படுத்தாலோ நக்கினாலோகூட ஆபத்துதான். பெட்டியில் நாய்ப் படம் மட்டும் போட்ட சொட்டு மருந்தைப் பூனைக்குக் கிட்டே கொண்டுபோகாதீர்கள். "எடை குறைவுதானே, பாதி விடலாம்" என்ற கணக்கும் இங்கே செல்லாது. ஃபினாயில் போட்டுத் தரை துடைத்தால் தெள்ளு போய்விடும் என்று சொசைட்டியில் இரண்டு பேர் யோசனை சொன்னார்கள். அதுவும் பூனைக்கு ஆகாது.

பன்னிரண்டாம் நாள் காலை, மாமியாரின் வெள்ளைப் புடவைக் கரையில் மூன்று தெள்ளுகள். அந்த ஆளைக் கூப்பிட்டுக் கேரண்டியை நினைவூட்டினேன். சிட்டுவைப் பற்றி ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. "பழையது எல்லாம் செத்துவிட்டது அக்கா. இது உங்கள் நாய் வெளியிலிருந்து புதிதாகக் கொண்டுவந்தது. அதற்குக் கேரண்டி வராது. 1,500 கொடுங்கள், இன்னொரு தடவை அடித்துத் தருகிறேன்."

மோசடி முழுவதும் இந்த ஒரு பேச்சில்தான் இருக்கிறது. தெள்ளு திரும்பி வரும் என்பது அவருக்கு முதல் நாளே தெரியும். நாம் பார்க்கும் தெள்ளு மொத்தக் கூட்டத்தில் சிறு பங்குதான். பெண் தெள்ளு ஒன்று நாளொன்றுக்கு 40 முட்டை வரைகூட இடும். முட்டை ரோமத்தில் ஒட்டாது. பிராணி படுக்கும் இடத்தில் உதிரும். அதிலிருந்து வரும் புழு வெளிச்சத்துக்கு அஞ்சி விரிப்பின் அடியிலும் தரை இடுக்கிலும் போய், பெரிய தெள்ளுகளின் அந்தக் கறுப்பு எச்சத்தைத் தின்று வளரும். மழைக்காலத்து ஈரக்காற்று அதற்குக் கொண்டாட்டம். பிறகு நூல் நூற்றுக் கூடு கட்டும். கூட்டின் மேல் தூசி ஒட்டிக்கொள்வதால் கண்ணுக்கும் தெரியாது, எந்த மருந்தும் உள்ளே இறங்கவும் இறங்காது. அதற்குள் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் காத்திருந்து, காலடி அதிர்வும் உடல் சூடும் மூச்சுக்காற்றும் பட்டதும் வெளியே குதிக்கும். ஊருக்குப் போய்விட்டுப் பூட்டிய வீட்டைத் திறந்தவர்கள் காலில் கூட்டமாக ஏறுவதும் இதனால்தான். ஆக, பன்னிரண்டாம் நாள் வந்தவை புதியவை அல்ல, எங்கள் வீட்டுக் கூட்டிலிருந்தே பொரிந்தவை. இதைத் தெரிந்துகொண்டே கேரண்டி எழுதிக் கொடுத்து, பொரிந்ததும் பழியை நாயின் மேல் போட்டு அடுத்த கட்டணம் கேட்பதுதான் தொழில்.

நான் கொடுக்கவில்லை. மருத்துவர் எடை பார்த்து எழுதிக் கொடுத்த மருந்தை மணிக்கும் சிட்டுவுக்கும் தனித்தனியே, மாதம் ஒரு முறை, மூன்று மாதம் போட்டோம். கூட்டிலிருந்து வருவது எப்படியும் ரத்தத்துக்குப் பிராணியின் மேல்தான் ஏறும், ஏறியதும் சாகும். மணியின் கோணிச்சாக்கைக் கட்டித் தூக்கிப் போட்டோம். போர்வைகளை வாரம் இரண்டு முறை கொதிக்கும் சூட்டில் துவைத்தோம். பக்கத்து வீட்டில் வாக்குவம் கிளீனர் கடன் வாங்கி, கட்டிலடி, சோபா இடுக்கு, கதவு நிலை என்று தினமும் உறிஞ்சினேன். அந்த அதிர்வே கூட்டுக்குள் இருப்பதை வெளியே வரவழைக்குமாம். உறிஞ்சிய தூசியை அன்றன்றே பையில் கட்டிக் கீழே கொண்டுபோய்ப் போட வேண்டும். இல்லாவிட்டால் இயந்திரத்துக்குள்ளேயே குடித்தனம் நடத்தும்.

மருந்து அடிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பிறகு வேறொருவரை அழைத்தோம். அவர் மூடி திறக்காத டப்பாவைக் காட்டினார். புழு வளர்ந்து தெள்ளாக மாறுவதையே தடுக்கும் மருந்து என்று விளக்கினார். இரண்டு மூன்று வாரம் தெள்ளு தென்படத்தான் செய்யும், பயப்படாதீர்கள் என்று முன்கூட்டியே சொன்னார். குனிந்து கட்டிலடியில் அடித்தார். காசு வாங்கித் தொழிலாகப் பூச்சி மருந்து அடிப்பதற்கு 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி உரிமம் வேண்டும், கேட்டால் காட்ட வேண்டும் என்பதே இவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். டப்பாவின் லேபிளில் சாய்சதுரம் ஒன்று இருக்கும். அதன் கீழ்ப்பாதி சிவப்பு என்றால் கடும் விஷம், அடுத்து மஞ்சள், நீலம், பச்சை என்று இறங்கும். தண்ணீர் பாட்டிலில் இந்தச் சாய்சதுரம் இருக்காது. வீடுகளில் ஒரு காலத்தில் தாராளமாக அடித்த டைகுளோர்வாஸ் என்ற பூச்சிக்கொல்லி 2020 முடிவோடு நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. எங்கள் வீட்டு வாளியில் கரைந்தது அதுவா, வேறா? இன்றுவரை எனக்குத் தெரியாது.

மாமியார் தன் பங்குக்கு ஒரு வேலை செய்தார். இரவில் தரையில் ஒரு தட்டில் சோப்புத் தண்ணீர் ஊற்றி அதன்மேல் சின்ன விளக்கைத் தொங்கவிடுவார். வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் குதிப்பவை தண்ணீரில் விழும். காலையில் கண்ணாடி போட்டுக்கொண்டு எண்ணி, காலண்டரில் குறிப்பார். ஆகஸ்ட் தொடக்கத்தில் 31. சுதந்திர தினத்தன்று 12. விநாயகர் சதுர்த்திக்கு ஒன்றும் இல்லை. அன்று கொழுக்கட்டை இரண்டு கூடுதலாகச் செய்தார். இந்தத் தட்டு வேவு பார்க்கத்தான் உதவும், ஒழிக்க அல்ல.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழைத்துப் புகார் பதிந்தேன். நிறுவனத்தின் முகவரி கேட்டார்கள். என்னிடம் இருந்தது ஒரு கைப்பேசி எண்ணும் அந்தச் சீட்டும்தான். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போடலாம். ஆனால் யார்மேல் போடுவது என்று தெரிய வேண்டுமே. பணம் அனுப்பும் முன் முகவரியோடு ரசீது கேட்டிருந்தால் இந்த இடத்தில் முட்டியிருக்க மாட்டேன். குப்பியைத் தூக்கிப் போடாமல் மூடியோடு பாலித்தீன் பையில் கட்டிப் பரண்மேல் வைத்திருக்கிறேன்.

போன வாரம் கதவிடுக்கில் மறுபடியும் ஒரு துண்டுச்சீட்டு. இந்த முறை நிறுவனத்தின் பெயர் வேறு, மூலிகை என்ற சொல் பச்சை மையில். ரசீதை எடுத்துவந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பத்து இலக்கமும் அதே எண்.