நான்கு சென்சார்களும் ஒரு சட்டி வெந்நீரும்

சம்பா நெல் கொள்முதல் தொடங்கி மூன்றாவது வாரம். லிட்டருக்கு 4.2 கிலோமீட்டர் கொடுத்துவந்த என் பத்துச் சக்கர லாரி 3.5-க்கு இறங்கிவிட்டது. மன்னார்குடியைச் சுற்றியுள்ள கொள்முதல் நிலையங்களில் 40 கிலோ சிப்பங்களை ஏற்றி நீடாமங்கலம் ரயில் நிலையத்தில் இறக்குவதுதான் நடை. நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் காத்துக் கிடந்தவர்கள் டீசல் எங்கே போனது என்று கேட்கவே மாட்டார்கள். நானும் முதலில் கேட்டையும், அடுத்து டிரைவரையும்தான் சந்தேகப்பட்டேன்.

துப்புக் கொடுத்தவரே டிரைவர்தான். “காலையில் ஸ்டார்ட் செய்ததும் கேட்கிற உறுமல் உச்சி வெயிலிலும் அடங்கவில்லை அண்ணே” என்றார். எஞ்சின் கணினியில் பதிவதைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டினால், எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் 41 டிகிரி என்று காட்டியது. ரேடியேட்டர் ஹோஸிலோ கை வைக்க முடியவில்லை.

கூலன்ட் டெம்பரேச்சர் சென்சாருக்குள் இருப்பது சூடு ஏற ஏற மின்தடை குறையும், பாசிமணி போன்ற ஒரு சிறு துண்டு. தடை அதிகமாக இருந்தால் எஞ்சின் குளிர்ந்திருக்கிறது என்று கணினி எடுத்துக்கொள்ளும். டீசலைக் கூட்டும், வண்டி நிற்கும்போது எஞ்சின் சுழலும் ஐடிலிங் வேகத்தை உயர்த்தும். 41 டிகிரி என்பது நடக்கக்கூடிய சூடுதான் என்பதால் எச்சரிக்கை விளக்கு எரியவில்லை.

ஆனால் ஸ்கேனர் குறைவாகக் காட்டினாலே சென்சார் போய்விட்டது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. வண்டி சூடேறக் கூடாது என்று, எஞ்சின் சூடாகும்வரை கூலன்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறியும் பழக்கம் நம் பட்டறைகளில் உண்டு. அப்படிப்பட்ட வண்டியின் எஞ்சின் உண்மையிலேயே குளிர்ந்துதான் ஓடும். அங்கே எத்தனை சென்சார் மாற்றினாலும் காசுதான் போகும். என் வண்டியில் வால்வு இருந்தது, வேலையும் செய்தது.

முதல் வழி செலவில்லாதது: சென்சாரில் வயர் செருகும் கனெக்டரைச் சுத்தம் செய்வது. அதன் உலோகப் பின்களில் பச்சை பூத்திருந்தால் அதுவே கூடுதல் தடை. கணினிக்கு அதுவும் குளிராகத்தான் தெரியும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்றில் ஓடும் வண்டிக்காரர்கள் இதைப் பார்க்காமல் கடைக்குப் போகவே வேண்டாம். எனக்கு 41 டிகிரி 44 ஆனது. அதற்கு மேல் நகரவில்லை.

அடுத்துப் புதியது வாங்க வேண்டும். கம்பெனி சென்சார், பெயருள்ள வெளிக்கடைத் தயாரிப்பு, பெயரில்லாத மலிவுச் சரக்கு, காயலான் கடையில் கழற்றியது என நான்கையும் திரட்டினோம். பட்டறைக்கு எதிர் டீக்கடையில் அலுமினியச் சட்டி ஒன்றை இரவல் வாங்கித் தண்ணீர் வைத்தோம். மெக்கானிக் மல்டிமீட்டரைப் பிடிக்க, நான் தெர்மாமீட்டரைப் பிடித்தேன். என் வண்டியின் வகைக்கு 20 டிகிரியில் ஏறத்தாழ 2,500 ஓம், 80 டிகிரியில் ஏறத்தாழ 320 ஓம் வர வேண்டும். மற்ற வண்டிகளுக்குக் கணக்கு மாறலாம்.

வண்டியிலிருந்து கழற்றிய பழையது 80 டிகிரியிலும் 1,000 ஓமுக்குக் கீழே இறங்க மறுத்தது. கம்பெனிப் பொருள் 322. வெளிக்கடைத் தயாரிப்பு 330; விலையோ கம்பெனியில் பாதிகூட இல்லை. மலிவுச் சரக்குதான் வேடிக்கை. பச்சைத் தண்ணீரில் மற்றவற்றோடு ஒட்டியே நின்றது. 80 டிகிரியில் 450 ஓம் காட்டியது. கணினிக்கு அது 70 டிகிரிக்கும் சற்றுக் கீழே. கடையிலேயே மீட்டர் வைத்துப் பார்த்து வாங்கியிருந்தாலும் ஏமாந்திருப்பேன். காயலான் கடைச் சரக்கு, நான் எதிர்பார்க்காதபடி, 325 என்று சரியாகச் சொன்னது. ஆனால் கனெக்டர் பூட்டு உடைந்திருந்தது. நம் கிராமச் சாலைக் குலுக்கலில் ஒரு வாரம் தாங்காது.

வெளிக்கடைத் தயாரிப்பையே மாட்டினேன். எஞ்சின் ஆறிய பிறகு கழற்றி, புதுச் செம்பு வாஷர் போட்டு, சிந்திய கூலன்டை நிரப்ப அரை மணி நேரம் பிடித்தது.

இதையே டர்போ பிரஷர் சென்சாருக்கும் நீட்டிவிடாதீர்கள். அது காற்றழுத்தத்தை அளப்பது. அதை வெந்நீர்ச் சட்டியில் சோதிக்க முடியாது. கரி படிந்திருந்தால் கான்டாக்ட் கிளீனர் அடித்துப் பார்க்கலாம், துளையில் ஊசி விடக் கூடாது. தேறவில்லை என்றால் கம்பெனிப் பொருள்தான். பிஎஸ்-6 என்ற புகை விதிக்கு உட்பட்ட வண்டிகளில் வரும், புகையில் நைட்ரஜன் ஆக்சைடை அளக்கும் நாக்ஸ் சென்சாரோ புகையையும் யூரியா திரவத்தையும் சார்ந்தது. அதை மாற்றினால் மைலேஜ் கூடும் என்பவரிடம் டீ மட்டும் வாங்கிக் குடியுங்கள்.

மைலேஜைக் கொள்முதல் நடையில் அளக்கவில்லை. வரிசையில் நிற்கும் டீசல் கணக்கைக் கெடுத்துவிடும். சீசன் தணிந்ததும் ஒரே பங்கில் டேங்கை விளிம்புவரை நிரப்பி, தஞ்சாவூர் போய்வரும் ஒரே பாதையில் மூன்று முறை பார்த்தேன். 4.1 வந்தது. ஓடிய பாதை வேறு என்பதால் கூடியது முழுவதையும் சென்சார் கணக்கில் எழுத மனம் வரவில்லை. உறுமல் மட்டும் முதல் நாளே அடங்கிவிட்டது.

கூலன்ட் பட்ட சென்சார்களைக் கொதிக்கவைத்த சட்டியை டீக்கடைக்காரர் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. அவர் சொன்னதும் நியாயம், கூலன்ட் விஷம். புதுச் சட்டி வாங்கிக் கொடுத்தேன். அதன் விலையையும் சேர்த்துப் பார்த்தால் கம்பெனி சென்சாரைவிட மிச்சமானது ஒரு வாரத்து டீக்காசு.