பத்திரத்தைப் பார்த்தேன், மினிட்ஸ் புத்தகத்தைப் பார்க்கவில்லை

ரீசேலில் ஃபிளாட் வாங்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மினிட்ஸ் புத்தகம் என்றால் அசோசியேஷன் கூட்டங்களில் எடுத்த முடிவுகளை எழுதிவைக்கிற புத்தகம். எங்கள் அடுக்ககத்தின் பெயரைப் போடவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டார்கள்: "பேர் வெளியே வந்தா நம்ம எல்லார் வீட்டு விலையும்தான் இறங்கும்." என் வீடும் அதில்தானே இருக்கிறது. மேடவாக்கம் பக்கம், 64 வீடு, கார் நிறுத்துகிற ஸ்டில்ட் தளத்துக்கு மேல் ஐந்து மாடி, 2011-இல் கட்டியது. இவ்வளவு போதும்.

2024 ஜனவரியில் ஐந்தாவது மாடியில் 1,080 சதுர அடி வீட்டை வாங்கினேன். வக்கீலிடம் தாய்ப்பத்திரம், முப்பது வருட வில்லங்கம், பட்டா, பிளான் அப்ரூவல், யுடிஎஸ் (நிலத்தில் என் வீட்டுக்கான பிரிக்கப்படாத பங்கு) எல்லாம் காட்டி ஒப்பீனியன் வாங்கினேன். பேங்க்காரர்கள் தனியாக ஒரு வக்கீலை வைத்துப் பார்த்தார்கள். ஸ்டாம்ப் டூட்டி 7, ரிஜிஸ்ட்ரேஷன் 2 என்று ஒன்பது சதவீதம் கட்டினேன். அசோசியேஷனிலிருந்து "டிசம்பர் வரை பாக்கி இல்லை" என்று லெட்டர்ஹெட்டில் என்ஓசியும், அதாவது ஆட்சேபம் இல்லை என்கிற கடிதமும், வந்தது. அதற்கு 25,000 ரூபாய் 'டிரான்ஸ்ஃபர் ஃபீஸ்' கேட்டார்கள். ரசீதில் நன்கொடை என்று எழுதியிருந்தது. கல்யாணத்தில் மொய் எழுதின மாதிரி நினைத்துக்கொண்டு விட்டுவிட்டேன். அங்கேயே நின்று கேட்டிருக்க வேண்டும். சங்கத்தின் விதிகளான பைலாவில் அப்படி ஒரு கட்டணமே கிடையாது என்பது ஒரு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

குடிவந்த முதல் மாத மெயின்டனன்ஸ் ரசீதில் 3,780 ரூபாயும் அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டியும் போட்டிருந்தார்கள். நான் ஒரு டிரான்ஸ்போர்ட் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்ப்பவள். ஒரு வீட்டுக்கு மாதம் 7,500 ரூபாய் வரைக்கும் மெயின்டனன்ஸுக்கு ஜிஎஸ்டி கிடையாது. அதைத் தாண்டினாலும் தாண்டின தொகைக்கு மட்டும்தான் வரி என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல் சொல்லியிருக்கிறது. செயலாளரிடம் போய்ச் சொன்னேன். "அது சாஃப்ட்வேர்ல தானா வந்துடுச்சு மேடம், அடுத்த மாசம் எடுத்துடறேன்" என்றார். எடுத்தும்விட்டார். எனக்கு மட்டும். மற்ற 63 வீட்டுக்கும் அந்த 680 ரூபாய் இன்னும் மூன்று மாதம் போய்க்கொண்டிருந்தது.

பிப்ரவரியில் குண்டு விழுந்தது. மொட்டை மாடி வாட்டர்ப்ரூஃபிங், வெளிப்புற பெயிண்டிங் இரண்டுக்கும் சதுர அடிக்கு 120 ரூபாய் வீதம் சிறப்பு வசூல், என் பங்கு 1,29,600, இரண்டு தவணை. எப்போது முடிவானது என்று கேட்டேன். அக்டோபர் பொதுக்குழுவில். அந்தக் கூட்டத்தில் கையெழுத்துப் போட்டவர்களில் எனக்கு வீட்டை விற்ற சாரும் ஒருவர்! பொங்கலுக்குள் பத்திரத்தை முடித்துவிடலாம் என்று அவர் ஏன் அப்படிப் பறந்தார் என்று அப்போதுதான் உறைத்தது. டிமாண்ட் லெட்டர் பிப்ரவரி தேதியில் வந்ததால், "டிசம்பர் வரை பாக்கி இல்லை" என்று கொடுத்த என்ஓசி பொய்யும் இல்லை. அவருக்குப் போன் போட்டேன். "அது புது ஓனர் கட்ட வேண்டியதும்மா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

மேல் மாடியில் இருப்பவள், ஒழுகாமல் இருந்தால் சரி என்று முதல் தவணை 64,800 கட்டினேன். வேலை மே மாதம் தொடங்கி ஜூலையில் முடிந்தது. கொட்டேஷனில் பழைய தட்டோடு (மாடியில் பதித்த சிவப்புத் தள ஓடு) முழுவதையும் பெயர்த்து எடுத்து, விரிசல் அடைத்து, தண்ணீர் இறங்காத மெம்ப்ரேன் ஷீட் ஒட்டி, இரண்டு நாள் தண்ணீர் தேக்கிப் பார்த்து, மேலே கூல் ரூஃப் டைல் பதிப்பதாக இருந்தது. தட்டோடு பெயர்க்கிற வேலை என்றால் கீழ் வீட்டில் இருப்பவர்களுக்கு மண்டை பிளந்துவிடும். எனக்கு ஒரு தட்டுகூடக் கேட்கவில்லை. ஆபீஸ் போய்விடுவதால் தெரியவில்லை என்று நினைத்தேன். முழங்கால் ஆபரேஷன் ஆகி வீட்டிலேயே இருந்த அம்மாவிடம் கேட்டேன். "ரெண்டு பசங்க ரோலர் வச்சுப் பூசிட்டு மத்தியானமே போயிடறாங்கடி" என்றாள்.

ஃபெஞ்சல் புயல் வந்த நவம்பர் கடைசியில் இரவெல்லாம் மழை. அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. மழை விட்ட மறுநாள் ஹாலில் ஃபேன் தொங்குகிற இடத்திலிருந்து சொட்டியது. மாடிக்குப் போய்ப் பார்த்தேன். வெள்ளைப் பூச்சு பால் ஆடை மாதிரி உரிந்து சுருண்டு கிடந்தது. ஐந்து ரூபாய்க் காசால் சுரண்டினேன். கீழே அதே பழைய சிவப்புத் தட்டோடு, அதன் பாசியோடு. படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டு, பில்லையும் ஒப்பந்தத்தையும் காட்டுங்கள் என்று கேட்டேன். இருபது நிமிடத்தில் குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். மறுநாள் நேரில் கேட்டதற்கு, "பில், மினிட்ஸ் புக் எல்லாம் ஆடிட்டர்கிட்ட இருக்கு மேடம்" என்று பதில். எங்கள் மேல் நம்பிக்கை இல்லையா என்று ஒரு கேள்வி வேறு.

ஃபைலைக் காட்டியது பொருளாளர் வீட்டு மாமி. பொருளாளருக்கு எழுபது தாண்டிவிட்டது, நல்ல மனிதர். நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவார். "நீயே உக்காந்து பாரும்மா, இவருக்கு ராத்திரி தூக்கமே இல்லை" என்று காபியோடு ஃபைலையும் வைத்துவிட்டு மாமி உள்ளே போனார்.

மூன்று கம்பெனி கொட்டேஷன் இருந்தது. மூன்றிலும் வேலை விவரம் வரிக்கு வரி ஒன்று, எழுத்துப்பிழை உட்பட. ஒன்றில் ஜிஎஸ்டி எண்ணே இல்லை. மற்ற இரண்டின் எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஜிஎஸ்டி எண்ணில் பதினைந்து இடம். முதல் இரண்டு மாநிலம், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் உரிமையாளரின் பான் எண். பதின்மூன்றாவது இடம், அதே பான் எண்ணில் அந்த மாநிலத்தில் எத்தனையாவது பதிவு என்பது. இந்த இரண்டு 'போட்டிக் கம்பெனி'களுக்கும் முதல் பன்னிரண்டு இடமும் ஒன்றாக இருந்தன. பதின்மூன்றில் ஒன்றுக்கு 1, இன்னொன்றுக்கு 2. ஒரே ஆள் தனக்குத்தானே போட்டி போட்டு, தானே ஜெயித்திருக்கிறார்.

பில்லைப் புரட்டினேன். மே மாத பில் நம்பர் 41, ஜூன் 42, ஜூலை 43. எங்களைத் தவிர அந்தக் கம்பெனிக்கு வேறு வாடிக்கையாளரே இல்லை போலிருக்கிறது. வேலை 70 லட்சம், 18 சதவீத ஜிஎஸ்டி 12 லட்சத்து 60 ஆயிரம். பில்லில் இருந்த எண்ணை ஜிஎஸ்டி இணையதளத்தில் தேடினேன். லாகின் எல்லாம் வேண்டாம், எண்ணைப் போட்டால் பெயரும் நிலையும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பதிவு 2023-லேயே ரத்து. அப்படியானால் அந்த 12,60,000 ரூபாய் எந்த அரசாங்கத்துக்குப் போனது? பெரிய செலவுகளுக்காகச் சேர்த்து வைத்து பில்டர் ஒப்படைத்த கார்ப்பஸ் நிதியின் ஃபிக்ஸட் டெபாசிட் ரசீதுகளையும் தேடினேன். ஃபைலில் இருந்தது அதை உடைத்த கடிதத்தின் நகல் மட்டும்.

கணக்குக் காட்டும்வரை இரண்டாம் தவணை தரமாட்டேன், மாத மெயின்டனன்ஸ் தவறாமல் தருவேன் என்று பதிவுத் தபாலில் எழுதினேன். பதில், லிஃப்ட் பக்கத்தில் சிவப்பு மையில் வந்தது: டிஃபால்டர் லிஸ்ட், முதல் பெயர் என் வீட்டு எண். பிறகு வருகிறவர்களை உள்ளே விட அனுமதி கொடுக்கிற கேட் ஆப்பிலிருந்து என்னை எடுத்தார்கள். அம்மாவுக்கு பிசியோதெரபி செய்ய வருகிற பெண் வெயிலில் கேட்டில் இருபது நிமிடம் நின்றது. வாட்ச்மேன் அண்ணன் தலையைச் சொறிந்துகொண்டு, "மேல இருந்து ஆர்டர்க்கா" என்றார்.

2025 பிப்ரவரியில் ஒரு காலை, குழாயில் காற்று மட்டும்தான் வந்தது. மாடியில் எங்கள் லைனுக்குப் போகிற கேட் வால்வை மூடி, கைப்பிடியையும் கழற்றி எடுத்துப் போயிருந்தார்கள். இதுதான் நான் கொஞ்சமும் தயங்காத இடம். நேராகப் போலீஸ் ஸ்டேஷன். சிவில் விவகாரம்மா என்றுதான் முதலில் சொன்னார்கள். வசூல் தகராறு சிவில்தான் சார், தண்ணீரை நிறுத்துவதற்கு இவர்களுக்கு எந்தக் கோர்ட் ஆர்டர் கொடுத்தது, வீட்டில் ஆபரேஷன் ஆன வயசானவங்க இருக்காங்க என்றேன். சிஎஸ்ஆர் போட்டு, அதாவது எஃப்ஐஆருக்கு முன் புகாரைப் பதிவேட்டில் ஏற்றி, ரசீது கொடுத்தார்கள். அங்கிருந்தே செயலாளருக்கு ஒரு போன். சாயங்காலம் தண்ணீர் வந்துவிட்டது. பாக்கி இருக்கிறது என்று உங்கள் வீட்டில் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தினால் வாட்ஸ்அப்பில் வாதம் பண்ணிக்கொண்டிருக்காதீர்கள், சிஎஸ்ஆர் வாங்குங்கள்.

ஆளாளுக்கு ஒரு வழி சொன்னார்கள். ரெராவுக்குப் போ என்றார் ஒருவர். ரெரா, ரியல் எஸ்டேட்டை ஒழுங்குபடுத்துகிற 2016-ஆம் ஆண்டுச் சட்டம், அங்கே பெரும்பாலும் பில்டர் மேல்தான் புகார் போகும். எங்கள் சண்டை எங்களுக்குள். அடுக்கக உரிமையாளர் சட்டம் 2022-இல் புதிதாக வந்து 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்திருக்கிறது என்றார் இன்னொருவர். ஆனால் எங்களுடையது 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவான சங்கம். அதனால் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்துக்குப் போய், கட்டணம் கட்டி, சங்கம் தாக்கல் செய்த ஆவணங்களின் நகல் வாங்கினேன். வருஷா வருஷம் கொடுக்க வேண்டிய கணக்கு 2019-க்குப் பிறகு கொடுக்கப்படவே இல்லை. பைலா கைக்கு வந்ததும் அன்றுதான்.

அந்தச் சட்டத்தின் 36-ஆம் பிரிவுப்படி, உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கு பேர் எழுதிக் கேட்டால் பதிவாளர் சங்கத்தின் நடவடிக்கைகளை விசாரிக்கலாம். 64-க்கு 22 கையெழுத்து வேண்டும். வாங்கிப் பாருங்கள், அப்போது தெரியும். பாதி வீட்டில் வாடகைக்காரர்கள், அவர்கள் கையெழுத்து செல்லாது. ஓனர் டெக்சாஸில் தூங்கிக்கொண்டிருப்பார். "நீங்க சொல்றது நியாயம்தான், ஆனா எதுக்கு வம்பு" என்று தண்ணீர் கொடுத்து அனுப்பினவர்கள் பலர். நாலு மாதம் படி ஏறி இறங்கி, 22-ஆவதாகக் கையெழுத்துப் போட்டவர் பொருளாளர். மாமி பக்கத்தில் நின்று பேனாவை எடுத்துக் கொடுத்தார். ஜூனில் மனு கொடுத்தோம். விசாரணை நோட்டீஸ் வந்திருக்கிறது. பணம் வரவில்லை. ஹாலில் ஃபேனைக் கழற்றி வைத்திருக்கிறேன், மழைக்கு முன் என் செலவில் என் தலைக்கு மேல் மட்டுமாவது தட்டோடு பெயர்த்துச் செய்யலாமா என்று ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன். அதற்கும் அசோசியேஷன் அனுமதி வேண்டுமாம்.

வாங்கப் போகிறவர்களே, அட்வான்ஸ் கொடுக்கும் முன் கேட்க வேண்டியவை: கடைசி மூன்று வருடப் பொதுக்குழு மினிட்ஸ், தணிக்கையான கணக்கு, கார்ப்பஸ் எந்த பேங்க்கில் எவ்வளவு இருக்கிறது என்பதற்கு ரசீது, முடிவாகி இன்னும் வசூலிக்காத தொகை ஏதாவது உண்டா என்பதற்கு எழுத்தில் பதில். அப்படி ஏதாவது பின்னால் கிளம்பினால் விற்பவர்தான் கட்ட வேண்டும் என்று அக்ரிமென்ட்டில் ஒரு வரி. மேல் மாடி வாங்குபவர்கள் மொட்டை மாடிக்குக் கட்டாயம் ஏறிப் பாருங்கள், பையில் ஒரு ஐந்து ரூபாய்க் காசோடு.

போன வாரம் மூன்றாவது மாடி வீட்டைப் பார்க்க ஒரு இளம் தம்பதி வந்திருந்தார்கள். லிஃப்ட்டில் அந்தப் பெண் என்னிடம், "இங்க அசோசியேஷன் எப்படிக்கா?" என்று கேட்டது. செயலாளர் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். விலை இறங்கும் என்று பக்கத்து வீட்டார் சொன்னது ஞாபகம் வந்தது. மினிட்ஸ் புக்கைக் கேட்டுப் பாரும்மா என்று மட்டும் சொன்னேன். அந்தப் பெண் அப்படியே அவர் பக்கம் திரும்பிக் கேட்டேவிட்டது.

ஆடிட்டரிடம் இருக்கிறதாம்.