யூஎஸ்பி ஓட்டை இருந்தால் மட்டும் டிஜே மிக்சர் ஆகிவிடாது

"லேப்டாப்ல இருந்து ரெண்டு டெக் ஓட்டணும்" (டெக் என்பது ஒரு பாட்டை ஓட்டும் பகுதி) என்று ஒருவர் தெளிவாகச் சொல்லிக் கேட்டும், இரண்டு பாட்டுகளைத் தனித்தனிச் சேனலில் வாங்கிக் கலக்கும் இரண்டு சேனல் அனலாக் மிக்சர் ஒன்றை அவர் தலையில் கட்டியிருக்கிறார்கள். "பின்னாடி யூஎஸ்பி இருக்கு சார், எல்லா சாஃப்ட்வேரும் எடுக்கும்" என்றாராம் கடைக்காரர். கடையின் பெயர் வேண்டாம், இதே பேச்சு வேறு இடங்களிலும் ஓடுகிறது.

அந்த யூஎஸ்பிக்குப் பின்னால் இருந்தது 2 உள்ளீடு, 2 வெளியீடு உள்ள சவுண்ட் கார்டு. ஒரே ஒரு ஸ்டீரியோ ஜோடி. செட்டை, அதாவது ஓட்டும் மொத்தப் பாட்டு வரிசையை, ரெக்கார்ட் செய்ய அது போதும். மிக்ஸ் செய்யப் போதாது. சாஃப்ட்வேர் இரண்டு டெக்கையும் கலந்து அந்த ஒரு ஜோடியில்தான் அனுப்பும், அது மிக்சரின் ஒரு சேனலில்தான் வந்து விழும். மற்ற சேனல் ஊமை. ஒலியை ஒரு சேனலிலிருந்து மற்றதற்கு மாற்றும் நழுவு பொத்தானான கிராஸ்ஃபேடரைத் தள்ளினால் இரண்டு பாட்டும் சேர்ந்தே கேட்கும், சேர்ந்தே நிற்கும். பேஸைக் குறைத்தாலும் இரண்டிலும் குறையும். ஒவ்வொரு டெக்கும் தனிச் சேனலுக்குப் போக 4 வெளியீடு வேண்டும். டைம்கோடு தட்டு (பாட்டின் வேகத்தையும் இடத்தையும் சாஃப்ட்வேருக்குச் சொல்லும் சிக்னல் பதிந்த இசைத்தட்டு) வைத்து ஓட்டுவதென்றால் 4 உள்ளீடும் வேண்டும், டர்ன்டேபிளின் மில்லிவோல்ட் சிக்னலைத் தூக்கிவிட ஃபோனோ பிரீஆம்பும் வேண்டும்.

மாற்றித் தரச் சொன்னதற்கு, மேலே பணம் வாங்கிக்கொண்டு கொடுத்தது ஒரு மிடி கண்ட்ரோலர், அதாவது சாஃப்ட்வேரை இயக்கும் குமிழ்-பொத்தான் பலகை. அதில் சவுண்ட் கார்டே கிடையாது. மிடி வழியே ஒலி போகாது. எந்தக் குமிழ் எவ்வளவு திரும்பியது என்ற எண் மட்டுமே போகும். ஆகவே பாட்டு லேப்டாப்பின் ஹெட்போன் துளையிலிருந்துதான் வரும். அதுவும் ஒரு ஸ்டீரியோ ஜோடிதான், அடுத்த பாட்டைக் காதில் தனியாகக் கேட்க வழியில்லை. இதற்கு மருந்தென்று விற்கப்படும் சாதாரண ஒய் கேபிள் வீண், ஒரே ஒலியை இரண்டாகப் பிரிக்கும், அவ்வளவே. டிஜே ஸ்ப்ளிட்டர் கேபிள் என்பது வேறு. அதில் இடது பக்கம் ஸ்பீக்கருக்கும் வலது பக்கம் காதுக்கும் போகும். வேலை நடக்கும், ஆனால் இரண்டுமே மோனோ.

"கண்ட்ரோலரை அந்த மிக்சர்ல மாட்டிக்கோங்க, ரெண்டோட பலனும் கிடைக்கும்" என்று அடுத்த ஆலோசனை வரும். சவுண்ட் கார்டு உள்ள கண்ட்ரோலராக இருந்தாலும், பெரும்பாலானவற்றில் மாஸ்டர் வெளியீடு என்பது இரண்டு டெக்கும் கலந்த ஒலிதான். மிக்சரில் மாட்டினால் மறுபடி ஒரே சேனல். டெக்குகளைத் தனித்தனியாக வெளியே அனுப்பும் வசதி இருந்து, சாஃப்ட்வேரையும் வெளி மிக்சர் முறைக்கு (டெக்குகளைத் தானே கலக்காமல் தனித்தனியே அனுப்பும் முறைக்கு) மாற்றினால்தான் அந்த இணைப்புக்கு அர்த்தம்.

மலிவான கண்ட்ரோலர்களில் இன்னொரு வில்லங்கம் பிட்ச் ஃபேடர், அதாவது பாட்டின் வேகத்தை மாற்றும் நழுவு பொத்தான். 7 பிட் என்றால் மொத்தம் 128 படிகள். ±8 சதவீத வீச்சில் ஒரு படி ஏறத்தாழ 0.126 சதவீதம், அதாவது 125 பிபிஎம் (நிமிடத்துக்கு 125 பீட்) பாட்டில் 0.16 பிபிஎம். சரியான வேகம் இரண்டு படிகளுக்கு நடுவே விழுந்தால் நிமிடத்துக்கு 38 மில்லிசெகண்ட் வரை விலகும். பீட்டைத் தானே சேர்க்கும் சிங்க் பொத்தானை நம்பி ஓட்டுபவருக்கு இது தெரியாது, காதால் பீட் சேர்ப்பவர் பாட்டை முன்னும் பின்னும் ஓயாமல் தட்டிச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும். 14 பிட்டில் 16,384 படிகள். மிடி மானிட்டர் செயலியைத் திறந்து ஃபேடரை நகர்த்துங்கள்: பொதுவாக இரண்டு கண்ட்ரோல் எண்கள் சேர்ந்து வந்தால் 14 பிட், ஒன்றே வந்தால் 7.

சாஃப்ட்வேர் உரிமத்தையும் கேளுங்கள். பெட்டியில் செராட்டோ (டிஜே சாஃப்ட்வேர்) என்று அச்சிட்டிருந்தாலும் உள்ளே வருவது லைட் பதிப்பாக இருக்கலாம், அதில் டைம்கோடு ஓடாது. பழைய பொருள் என்றால் உரிமத்துக்கான வவுச்சர் குறியீடு ஏற்கெனவே செலவாகியிருக்கலாம்.

டர்ன்டேபிள் இல்லாதவருக்கு அனலாக் மிக்சர் தேவையே இல்லை, சவுண்ட் கார்டு உள்ளடங்கிய கண்ட்ரோலர் போதும் என்பதே எங்கள் கருத்து. மிக்சர்தான் வேண்டுமென்றால், உங்கள் லேப்டாப்பையே கடைக்குக் கொண்டுபோய் மாட்டுங்கள். சாஃப்ட்வேரின் ஆடியோ அமைப்பில் 1-2, 3-4 என இரண்டு வெளியீட்டு ஜோடிகள் தெரிய வேண்டும். ஒரு பாட்டை ஓடவிட்டு, கிராஸ்ஃபேடரை எதிர்ப்பக்கக் கடைசிக்குத் தள்ளி, ஹெட்போனில் மாஸ்டரைச் சத்தமாகக் கேளுங்கள். மெலிதாகப் பாட்டு கசிந்தால் ஃபேடர் தேய்ந்த பழைய சரக்காக இருக்கலாம். பில்லில் "4 வெளியீடு" என்று எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் பணத்தை எடுக்காதீர்கள்.