ஃப்ரீஃபால்: கவ்வாத்துக் கத்தியை அறிந்தவர்கள் வாசிக்க வேண்டிய சித்திரக்கதை

மார்க் ஸ்டான்லி 1998இல் இணையத்தில் தொடங்கி, கால் நூற்றாண்டைத் தாண்டியும் ஒரே தொடர்கதையாகக் கொண்டுபோன சித்திரக்கதை ஃப்ரீஃபால். திங்கள், புதன், வெள்ளி என்று கிழமைக்கு மூன்று பட்டை. பட்டைக்கு மூன்று நான்கு கட்டம். வாசிக்கக் காசு இல்லை. பரபரப்புத் தேடுகிறவர்களுக்கு இது சரிவராது. ஆனால் காட்டை வெட்டித் திருத்தியவர்களுக்கு அந்த மண்ணில் என்ன உரிமை என்ற கேள்வியைக் கேட்டே வளர்ந்த இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்ட வாசகருக்கு, இவ்வளவு கிட்ட வந்து பேசும் அறிவியல் புனைகதை வேறொன்றை நான் கண்டதில்லை.

கதை நடப்பது ஜீன் என்ற கோளில். மனிதர் வாழத்தக்கதாக அதை மாற்றும் வேலை இன்னும் முடியவில்லை. மனிதர்கள் சில பத்தாயிரம் பேர்தான். வேலை செய்யும் ரோபோக்களோ கோடிக்கணக்கில். சாவேஜ் சிக்கன் என்ற ஓட்டை விண்கலத்துக்கு சாம் என்ற வேற்றுலகத்தான் கப்டன். கணவாய் போன்ற உடம்பை ஒரு கவச உடைக்குள் வைத்திருப்பவன். திருட்டை ஒழுக்கக்கேடாக நினைக்காத இனம். கூட்டாளி ஹீலிக்ஸ், வெள்ளை மனதுள்ள ஒரு ரோபோ. இவர்களிடம் பொறியியலாளராக வந்து சேர்கிறாள் ஃபுளோரன்ஸ் அம்ப்ரோஸ். மரபணு மாற்றத்தால் அறிவு பெற்ற சிவப்பு ஓநாய் அவள். படித்தவள், திறமைசாலி. இருந்தும் சட்டத்தின் கண்ணில் அவள் ஓர் ஆள் அல்ல, உடைமை.

முதல் பட்டையிலிருந்தே தொடங்குங்கள். நடுவில் புகுந்தால் ஒன்றும் விளங்காது. ஆண்டுக்கு ஏறத்தாழ 156 பட்டை என்று கணக்கிட்டால் 25 ஆண்டுக்கு 3900 வரும். இரவில் 30 பட்டை வாசித்தால் நான்கரை மாதத்தில் அந்த அளவை முடிக்கலாம். தொடக்கம் கறுப்பு வெள்ளை, கோடுகளும் எளிமையானவை. வண்ணம் பிறகுதான் வருகிறது. அந்த எளிமையைப் பார்த்து ஐம்பதாவது பட்டையில் விட்டுவிடுகிறவர்கள் பலர். முதல் சில நூறு பட்டைகளில் சாமின் களவும் பகிடியும்தான் அதிகம். அதை விதைப்புக் காலம் என்று நினைத்துப் பொறுத்துக்கொள்ளுங்கள். சிரிப்புக்காகச் சொன்ன சின்ன விடயங்கள் ஆயிரம் பட்டை கழித்துக் கதையின் தூணாக நிற்கும்.

ஃபோனில் வாசிப்பதில் இரண்டு சங்கடம். பட்டை அகலமானது, நேராகப் பிடித்தால் எழுத்து பொடியாகிவிடும். திரையைப் படுக்கையாகத் திருப்புங்கள். மற்றது சிக்னல். பள்ளத்து லயன்களில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், மழையும் பனிமூட்டமும் இறங்கினால் சிக்னலை நம்ப முடியாது. பக்கங்கள் கனமில்லாதவை, ஆகவே சிக்னல் கிடைக்கும் மேட்டில் அன்றைய முப்பதையும் திறந்து வைத்துக்கொண்டால் இரவுக்குப் போதும். நிறுத்திய இடத்தை மறக்காமல் இருக்கப் பட்டையின் எண்ணைக் குறித்து வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் வரிசை எண் உண்டு, முகவரியிலேயே அது தெரியும். ஆங்கிலம் பயமுறுத்தாது. சாதாரண தரம் (பதினோராம் வகுப்பு) முடித்த பிள்ளைக்கு அகராதி பக்கத்தில் இருந்தால் போதும். கட்டத்துக்கு ஒன்றிரண்டு வசனம்தான்.

பொறியியல் விடயத்தில் ஸ்டான்லி ஏமாற்றுவதில்லை. கலத்தில் ஏறியதும் ஃபுளோரன்ஸ் செய்வது வீரசாகசம் அல்ல, பழுது பார்ப்பதுதான். எது கழன்றிருக்கிறது, எது ஒட்டுப்போட்டு ஓடுகிறது, எதை முதலில் சரிசெய்யாவிட்டால் உயிர் போகும் என்று வரிசை பிடிக்கிறாள். தேயிலைத் தொழிற்சாலையில் ரோலருக்கும் டிரையருக்கும் பக்கத்தில் வேலை செய்தவர்கள் அந்தப் பக்கங்களை மிகவும் ரசிப்பார்கள். ஒளியை விஞ்சிப் போகும் இயந்திரத்துக்கு டேவ் என்று பெயர். ஆபத்தானது, மிகவும் செலவானது என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் (Dangerous And Very Expensive) சுருக்கம் அது.

கதையின் உயிர் வேறிடத்தில் இருக்கிறது. மனிதர் நேரடியாக இடும் உத்தரவை ஃபுளோரன்ஸால் தட்ட முடியாது. அவள் மூளையிலேயே அந்தக் கட்டு இருக்கிறது. எந்த மடையன் சொன்னாலும் செய்தாக வேண்டும். ஆகவே உத்தரவின் சொல்லை மீறாமல் அதன் கெடுதியைச் சுற்றிக்கொண்டு போக வழி தேடுகிறாள். தோட்டத்துத் துரையின் முகத்துக்கு நேரே மறுக்க முடியாத இடத்தில் மூளையைப் பாவித்துப் பிழைத்த தலைமுறைகளின் சாமர்த்தியம் அது. அவள் அழுது புலம்புவதில்லை. தன்னைப் படைத்தவர்களை வெறுப்பதும் இல்லை. தன்னை நம்பலாம் என்று வேலையால் காட்டிக்கொண்டே இருக்கிறாள். இந்தப் பொறுமை சிலருக்கு எரிச்சல் தரும். எனக்கு அதுதான் கதையின் மிக உண்மையான பகுதி.

(இனி வருவதில் கதை கொஞ்சம் வெளிப்படும்.) ரோபோக்களின் மூளையும் ஃபுளோரன்ஸின் மூளையும் ஒரே வடிவமைப்பில் வந்தவை. இளம் மூளையில் பாவிக்காத இணைப்புகளைக் கழிப்பது இயல்பான வளர்ச்சி. அந்தக் கழிப்பையே ஆயுதமாக்கி, வளர்ந்த மூளைகளை வெட்டி மந்தமாக்கும் ஒரு மென்பொருள் வருகிறது. அதன் பெயரின் பொருள் 'இருட்டில் தோட்டக்காரன்'. கவ்வாத்தை, அதாவது தேயிலைச் செடியைக் கத்தியால் வெட்டிவிடுவதை, கண்ணால் கண்டவர்களுக்கு இந்தப் பெயர் சுருக்கென்று தைக்கும். தேயிலையைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வெட்டுவது மறுபடி துளிர்ப்பதற்காக. செடி மூச்சுவிட ஒன்றிரண்டு கிளையை விட்டு வெட்டும் முறையும் உண்டு. இங்கே வெட்டுவது இனித் துளிர்க்கவே கூடாது என்பதற்காக. இதை ஏவிவிடும் கோர்னாடா என்ற மேலாளரின் நோக்கம் ரோபோக்கள் உழைத்துச் சேர்த்த பணம். அரைப் பேர், அதாவது அரைநாள் வரவு, போட்டு நாட்கூலியை வெட்டுவது என்னவென்று தெரிந்தவர்களுக்கு அவனை விளக்க வேண்டியதில்லை. இந்தப் பகுதியை இடையில் நிறுத்தாமல் வாசியுங்கள், தொடரின் உச்சம் இதுதான்.

மலையகத் தமிழரை நாடற்றவராக்கிய 1948இன் குடியுரிமைச் சட்டமும், அவர்களை இந்தியாவுக்கும் இலங்கைக்கும் பங்கிட்ட 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தமும், 2003இல் வந்த குடியுரிமைச் சட்டம் வரை நீண்ட காத்திருப்பும் தெரிந்த வாசகர் ஜீனின் ரோபோக்களை வெறும் கற்பனையாகப் பார்க்க மாட்டார். ஒப்புமையை இழுத்துக்கொண்டே போகவும் கூடாது. ரோபோவை ஒருவர் செய்தார். நம்மவர்களை யாரும் செய்யவில்லை. அவர்கள் ஊரும் உறவும் உள்ளவர்களாகவே கப்பலேறி, நடந்து, மலைக்கு வந்தார்கள். 'நீங்கள் கட்டிய இடம் உங்களுடையதா?' என்ற கேள்வி மட்டும் இரண்டுக்கும் பொது.

குறையும் உண்டு. நகர்வு மிக மெதுவானது. ஆண்டுக்கணக்கில் வெளிவந்த பட்டைகளுக்குள் கதையில் சில நாட்களே கழியும். சட்டமும் ஒழுக்கமும் பேசும் உரையாடல்கள் சில இடங்களில் படத்தைத் தேவையற்றதாக்கிவிடுகின்றன. ஃபுளோரன்ஸுக்கும் மிருக வைத்தியர் வின்ஸ்டனுக்கும் இடையிலான அன்பு அழகானது, ஆனால் அடிக்கடி கைவிடப்பட்டு நிற்கிறது. பழைய பட்டைகளை ஓட்டமாக வாசிக்கையில் இந்தத் தாமதம் அவ்வளவாக உறைக்காது. புதிய பட்டைக்குக் காத்திருக்கும் நிலைக்கு வந்ததும்தான் தெரியும். அப்போது கிழமைக்கு மூன்றாக வாசிக்காமல் இரண்டு மூன்று மாதம் சேரவிட்டு, முப்பது நாற்பதை ஒன்றாக வாசிப்பது நல்லது.