மார்கழிச் சனிக்கிழமையில் கொழும்புத் தேசிய நூதனசாலை

கொழும்பில் குளிர் என்று சொல்லத்தக்கது மார்கழி விடியற்காலையில் மட்டுமே உண்டு. வெப்பநிலை 22 பாகை செல்சியஸ் அளவுக்கு இறங்கும். கோவிலுக்குப் புறப்படும் பிள்ளைகளுக்குக் காதை மூடித் துணி கட்டிவிடுவோம். ஒன்பது மணிக்கெல்லாம் வெயில் ஏறிவிடும். பாடசாலை விடுமுறையும் திருவெம்பாவைப் பூசையும் சேர்ந்து வரும் இந்த நாட்களில் ஒரு வார இறுதியைப் பிள்ளைகளோடு எங்கே கழிப்பது என்று கேட்கும் பெற்றோருக்கு என் பதில் ஒன்றுதான்: காலையில் கோவில், அதன்பின் தேசிய நூதனசாலை. ஒன்று மற்றொன்றுக்கு விளக்கமாக அமைவதை இந்த மாதத்தில்தான் முழுமையாகக் காணலாம்.

நாங்கள் சென்றது கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேஸ்வரர் கோவிலுக்கு. சேர் பொன்னம்பலம் இராமநாதன் கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் கருங்கல்லால் திருப்பணி செய்வித்த அந்தக் கோவிலின் தூண்களுக்கு இடையில் விடியலுக்கு முன் நின்று திருவெம்பாவையின் 20 பாடல்களையும் கேட்பது, தொடர்மாடி வீட்டில் வளரும் பிள்ளைகளுக்கு வேறெங்கும் கிடைக்காத அனுபவம். யாழ்ப்பாணத்தில் சங்கும் சேமக்கலமும் தெருவில் ஒலித்துப் போகத் துயில் எழுந்த என் அம்மாவுக்கு அது நினைவு. என் பிள்ளைகளுக்கோ அது புதிது. பூசை முடிந்து காலை உணவுக்காக வழியில் ஓர் உணவகத்தில் நுழைந்தோம். இடியப்பமும் சொதியும் வரத் தாமதமானதில் சின்னவள் சோர்ந்து போனாள். வீட்டிலிருந்து உணவு கட்டிக்கொண்டு போவதே நல்லது.

நூதனசாலையின் முகப்பைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். வெள்ளை நிற வளைவுகளும் நீண்ட விறாந்தைகளும் முன்னால் விழுதுவிட்ட பெரிய ஆலமரங்களும் சேர்ந்து, உள்ளே போகும் முன்பே பிள்ளைகளின் நடையை மெதுவாக்கிவிடுகின்றன. ஆளுநர் வில்லியம் ஹென்றி கிரகெரியின் முயற்சியால் உருவான இந்தக் கட்டிடத்தை எழுப்பியவர் வாப்பிச்சி மரிக்கார். மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது 1877ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் திகதி. உள்நாட்டவருக்கான நுழைவுக் கட்டணம் ஒரு குடும்பத்துக்குச் சுமையானது அல்ல. ஆனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்து முடிக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு யாரும் உள்ளே போகக்கூடாது என்பதை அழுத்திச் சொல்கிறேன். பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் கவனம் ஒரு மண்டபத்தில் நிறைந்துவிடும். அந்த ஒரு மண்டபத்தை முன்கூட்டியே தெரிந்தெடுத்து, மீதியைக் கடந்துபோகும் வழியில் காட்டிவிட வேண்டும்.

நாங்கள் தெரிந்தெடுத்தவை பொலன்னறுவையிலிருந்து வந்த வெண்கலப் படிமங்கள். எச். சி. பி. பெல் தொல்பொருள் ஆணையாளராக இருந்த காலத்தில், 1907, 1908ஆம் ஆண்டுகளில், பொலன்னறுவைச் சிவாலயங்களின் இடிபாடுகளைத் தோண்டியபோது இவற்றில் பல கிடைத்தன. நடராசரும் உமையம்மையும் மட்டுமல்லாமல் அடியார்களும் அங்கே உருக்கொண்டிருந்தார்கள்: கையில் தாளத்தோடு காரைக்கால் அம்மையார், தோழனாக இறைவனை நாடிய சுந்தரர், ஏடு ஏந்திய மாணிக்கவாசகர். அதிகாலையில் கேட்ட பாடல்களைப் பாடியவர் இவர்தான் என்று சொன்னபோது என் மகன் கண்ணாடிக்கு அருகே போய், நான் கூப்பிடும்வரை அசையாமல் நின்றான். பாடநூலில் ஒரு பெயராக மட்டும் இருந்தவர் அவனுக்கு முகமும் கையும் உடையவராகிவிட்டார். திருவாதிரைக்கு முந்திய பத்து நாட்களிலும் யாரை நினைத்துப் பாடுகிறோமோ அந்த ஆடல் வடிவம் சில அடி தூரத்தில் நிற்பதையும் அவன் அப்போதே கண்டான்.

சின்னவளைப் பிடித்துக்கொண்டது காரைக்கால் அம்மையார்தான். விலா எலும்பு தெரிய, ஒட்டிய வயிறோடு, ஆனால் முகத்தில் அத்தனை மகிழ்ச்சியோடு இருக்கும் அந்த உருவத்தைப் பார்த்து, "அம்மம்மா, இவ ஏன் இவ்வளவு மெலிஞ்சு போயிருக்கிறா? சாப்பிடுறேல்லையா?" என்று கேட்டாள். "அந்த வடிவத்தை அவவே கேட்டு வாங்கினவ, பிள்ளை" என்று தொடங்கிய அம்மா, மாங்கனிக் கதை முதல் தலையால் கயிலை ஏறியது வரை தாழ்ந்த குரலில் சொல்லி முடித்தார். எந்த விளக்கப் பலகையும் அந்த வேலையைச் செய்ய முடியாது. வீட்டில் பாட்டனோ பாட்டியோ இருந்தால் அவர்களைக் கட்டாயம் அழைத்துப் போங்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுவே.

இந்தப் படிமங்கள் உலகின் பார்வைக்கு வந்ததிலும் ஒரு குடும்பக் கதை இருக்கிறது; வளர்ந்த பிள்ளைகளுக்கு அதைச் சொல்லலாம். கொச்சிக்கடைக் கோவிலுக்குத் திருப்பணி செய்வித்த இராமநாதனின் தம்பி சேர் பொன்னம்பலம் அருணாசலம் இவற்றின் தத்துவப் பொருளை விளக்கி எழுதினார். அவர்களின் தாய்மாமன் மகனான ஆனந்த குமாரசாமி இவற்றின் கலைச் சிறப்பை ஆராய்ந்து வெளியிட்டார். குமாரசாமி கொழும்பில் பிறந்ததும், நூதனசாலை திறக்கப்பட்ட அதே 1877இல்தான். நாங்கள் காலையில் நின்ற கோவிலும் நண்பகலில் நின்ற மண்டபமும் ஒரே குடும்பத்தின் உழைப்பால் இணைந்திருப்பதை நினைக்கும்போது எனக்கு உண்மையிலேயே பெருமிதம் ஏற்பட்டது.

மற்றவற்றுள் தவறவிடக்கூடாதது காலி நகரில் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டு. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே கொண்டுவந்த, 1409ஆம் ஆண்டு திகதி பொறித்த இந்தக் கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகள் இருக்கின்றன; சீனப் பகுதி புத்தரையும் பாரசீகப் பகுதி அல்லாஹ்வையும் போற்ற, தமிழ்ப் பகுதி தீவின் தென்கரைக் கோவில் ஒன்றின் இறைவனான தெனவரை நாயனாருக்குக் காணிக்கை அளித்ததைக் கூறுகிறது. உச்சியில் எதிரெதிரே நிற்கும் இரண்டு யாளிகளைப் போன்ற சீன நாகங்களைப் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிப்பார்கள். 600 ஆண்டுகளுக்கு முன்பு இந்தத் தீவின் கரையில் தமிழில் எழுதுவது அயல்நாட்டார்க்கும் தேவையாக இருந்தது என்பதை, கடைப் பலகைகளில் தம் மொழியைத் தேடிப் பழகிய பிள்ளைகள் கண்ணால் பார்ப்பது நல்லது. கண்டியரசின் கடைசி மன்னனுடைய சிம்மாசனத்தையும் முடியையும் எல்லோரும் பார்க்கத்தான் போவார்கள். 1815க்குப் பின் இங்கிலாந்துக்குப் போய் 1934இல் திரும்பி வந்தவை அவை என்பதை மட்டும் சொல்லிவையுங்கள்.

பகலில் மண்டபங்களுக்குள் புழுக்கம் கூடும் என்பதால், திறக்கும் நேரத்துக்கே போய் நண்பகலுக்கு முன் வெளியே வந்துவிடுவது குழந்தைகளுக்கு ஏற்றது. வந்தபின் விகாரமகாதேவி பூங்காவின் நிழலில் கட்டுச்சோற்றைப் பிரிக்கலாம். ஊஞ்சலும் சறுக்கும் அங்கே உண்டு. பின்புறத்தில் இருக்கும் இயற்கை வரலாற்று நூதனசாலையை அதே நாளில் சேர்க்க வேண்டாம். அதற்கு இன்னொரு சனிக்கிழமை தகும். ஏழு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கு இந்த இடத்தைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். அதிலும் திருவெம்பாவை நடக்கும் நாட்களுக்குள் போய்வருவதே சிறப்பு.