ஸ்பைரோகோர் தந்தி: ஜாஸ் பேஸ் கலைஞருக்கு எதைத் தருகிறது, எதைக் கேட்கிறது

நிமிடத்துக்கு 200 தட்டு ஓடும் வேகத்தில், தட்டுக்கு ஒரு ஸ்வரமாக நடை போடும் டபுள் பேஸ் (ஆளுயரத் தந்தி வாத்தியம்) கலைஞர் ஐந்து நிமிடத்தில் ஆயிரம் ஸ்வரம் வாசித்துவிடுகிறார். சாக்ஸபோன்காரர் தன் முறை முடிந்ததும் ஒதுங்கி நிற்கலாம். பியானோக்காரர் கையை எடுத்துக்கொண்டு மற்றவர் வாசிப்பதைக் கேட்கலாம். பேஸுக்கு அந்த ஓய்வு அநேகமாகக் கிடைப்பதில்லை. எந்தத் தந்தி போடுவது என்ற கேள்வி அதனால் நாதத்தோடு நிற்காமல் விரல் தோல், மணிக்கட்டு, கைச்செலவு வரை போகிறது. ஜாஸ் பேஸ் கலைஞர்களிடையே மிகப் பரவலாகப் புழங்கும் தந்திகளில் ஒன்றான ஸ்பைரோகோரை இங்கே அந்தக் கணக்கோடுதான் எடை போடுகிறோம்.

தயாரிப்பது வியன்னாவில் 1919-இல் தொடங்கிய தோமாஸ்டிக்-இன்ஃபெல்ட். தந்தியின் உள்ளே ஒற்றைக் கம்பி இல்லை. மெல்லிய எஃகு இழைகளைக் கயிறுபோல் முறுக்கிய உள்ளீடு இருக்கிறது. அதன்மேல் குரோம் உலோகப் பட்டைச் சுற்று. கயிறு உள்ளீடு என்பதால் தந்தி விறைத்து நிற்காமல் வளைகிறது, மேல்சுரங்களும் (அடிப்படை ஸ்வரத்தோடு சேர்ந்து எழும் மேல் அதிர்வுகள்) ஒழுங்காக வருகின்றன. எஃகு அதிர்வைத் தனக்குள் விழுங்குவதும் மிகக் குறைவு. மீட்டிய ஸ்வரம் நீண்டு நிற்க இதுவே காரணம். இப்படி நீண்டு நிற்பதற்கு நம் சங்கீதத்தில் கார்வை என்று ஒரு நல்ல சொல் உண்டு. இந்தத் தந்தியின் பலம், பலவீனம் இரண்டையுமே அந்த ஒரு சொல்லில் அடக்கிவிடலாம்.

எஃகு வருவதற்கு முன் பேஸில் இருந்தது ஆட்டுக்குடல் நரம்பு. பேஸ் கலைஞர் வால்டர் பேஜ் கவுண்ட் பேஸியின் ஜாஸ் குழுவில் நடை போட்டதும், இன்னொரு பேஸ் கலைஞரான ஜிம்மி பிளான்டன் 1939-இல் டியூக் எலிங்டனின் குழுவில் சேர்ந்து பேஸைத் தனிவாசிப்புக்கு உரிய வாத்தியமாக்கியதும் நரம்பில்தான். பிளான்டன் 1942-இல், 23 வயதில் இறந்துவிட்டார். இரண்டே சில்லறை ஆண்டு மேடையில் அவர் காட்டிய வழியில்தான் பின்னால் வந்தவர்கள் நடந்தார்கள். நரம்பு தடிமனானது, மீட்டியதும் ‘தொம்’ என்று பருத்த ஒலி எழும்பி உடனே அடங்கிவிடும். ஸ்வரத்தின் முடிவை நரம்பே பார்த்துக்கொள்ளும். தாளத்தை உந்துவதற்கு அது பெரிய வசதி. ஆனால் காற்றில் ஈரம் ஏறி இறங்கினால் சுருதி நகரும், இழை பிய்யும், சத்தத்துக்காகத் தந்தியை உயரமாகத் தூக்கி வைக்க வேண்டும், இடது கை நோகும். எஃகு பரவியபின் தந்தி விரல்பலகையை நெருங்கியது, விரல் வேகம் கூடியது. கூடவே ஸ்வரத்தை முடிக்கும் பொறுப்பும் கலைஞரின் கைக்கு மாறியது. இந்த மாற்றத்தைப் புரிந்துகொள்ளாமல் ஸ்பைரோகோர் வாங்குபவர்கள்தான் ‘நடையில் குழப்பமாக இருக்கிறது’ என்று சொல்லி ஆறு மாதத்தில் கழற்றுகிறார்கள்.

நாதத்தைப் பற்றி முதலில். பேஸின் ஈ தந்தி 41 ஹெர்ட்ஸ், ஏ 55, டி 73, ஜி 98. டிரம்ஸும் பேச்சுச் சத்தமும் நிறைந்த அறையில் 41 ஹெர்ட்ஸை யாரும் தனியாகப் பிரித்துக் கேட்பதில்லை. அதன் மேல்சுரங்களை வைத்தே காது ஸ்வரத்தை அடையாளம் காண்கிறது. ஸ்பைரோகோரில் அந்த மேல்சுரங்கள் ஏராளம். ஆகவே கீழ் ஸ்தாயியிலும் எந்த ஸ்வரம் என்பது தெளிவாகக் கேட்கிறது. இன்னொன்று, அந்தப் புகழ்பெற்ற உறுமல். விரல் அழுத்திய இடத்துக்கு அப்பால் தந்தி விரல்பலகையை மிக லேசாக உரசுவதால் ஸ்வரம் பிறந்தபின் மெல்ல வாய் திறப்பதுபோல் விரிகிறது. தம்புராவின் குதிரையில் ஜீவா நூலைச் சரியான இடத்தில் நகர்த்தியதும் தந்தி பேசத் தொடங்குகிறதே, அதற்கு இது நெருங்கிய உறவு. உறுமலைத் தந்தி மட்டும் தந்துவிடாது; விரல்பலகையின் குழிவும் ஒத்துழைக்க வேண்டும். நடுப்பகுதியில் ஜி தந்திக்குக் கீழே சுமார் 1 மி.மீ., ஈ தந்திக்குக் கீழே 2 மி.மீ.க்குள் குழிவு இருந்தால் நன்றாக வரும். குழிவு கூடினால் உறுமல் மறைகிறது. மேடுபள்ளம் இருந்தால் சில இடங்களில் வெறும் சலசலப்பு.

தடிமனில் மூன்று வகை: வைஷ், மிட்டெல், ஷ்டார்க். ஜெர்மன் மொழியில் மென்மை, நடுத்தரம், வலிமை என்று பொருள். ஜாஸுக்கு ஷ்டார்க் தேவைப்படுவது அபூர்வம். மிட்டெலில் ஜி, டி இரண்டும் சதைப்பற்றோடு ஒலிக்கின்றன. அதே மிட்டெலில் ஈ தந்தி பல பேஸ்களில், குறிப்பாகப் பிளைவுட் உடல் கொண்டவற்றில், இறுகிப்போய் மந்தமாக எழுகிறது. வைஷ் ஈ தெளிவானது, விரலுக்கும் இதமானது. வைஷ் ஜியோ சில பேஸ்களில் மெலிந்து கீச்சிடும். ஆகவே நல்ல தீர்வு கலப்புதான்: ஜி, டி மிட்டெல், ஏ, ஈ வைஷ். தந்திகள் தனித்தனியாகவும் கிடைப்பதால் இதில் சிரமம் இல்லை. பழைய செதுக்கு மர பேஸில் நரம்பிலிருந்து மாறுபவர்கள் நேரே மிட்டெலுக்குப் போக வேண்டாம். மேல்பலகைமீது ஏறும் சுமை கணிசமாகக் கூடும். வாத்தியம் பழுதுபார்ப்பவரிடம் மேல்பலகையையும் உட்தூணையும் (உள்ளே மேல்பலகையைத் தாங்கும் மரக்குச்சி) காட்டிவிட்டுப் போடுவதே சரி. அளவையும் கவனியுங்கள். பெரும்பாலான பேஸ்கள் முக்கால் அளவு, தந்தி நீளம் 104 முதல் 106 செ.மீ. கீழே ‘சி’ வரை இறங்கும் நீட்டிப்பு பொருத்தியிருந்தால் அதற்கான நீள ஈ தந்தியைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

மாட்டும்போது நடக்கும் தவறுகளே இந்தத் தந்தியைப் பற்றிய பாதிப் புகாருக்குக் காரணம். நான்கையும் ஒரே நேரத்தில் கழற்றாதீர்கள். அழுத்தம் போனதும் உட்தூண் சரியும், குதிரையும் இடம் மாறும். ஒன்றைக் கழற்றி, புதியதை மாட்டி, பாதியாவது சுருதி ஏற்றியபின் அடுத்ததற்குப் போங்கள். மேல்முனைப் (நட்) பள்ளத்திலும் குதிரைப் பள்ளத்திலும் பென்சில் கரியைத் தேய்த்துவிட்டால் தந்தி வழுக்கி நகரும். பள்ளத்தின் ஆழம் தந்தியின் பாதித் தடிமன் போதும். நரம்புக்காக வெட்டிய அகலப் பள்ளத்தில் எஃகு ஆடும். அங்கிருந்து வரும் கிணுகிணுப்பைத் தந்தியின் குற்றம் என்று நினைத்துவிடுவார்கள். முக்கியமானது முறுக்கு: கயிறு உள்ளீட்டை மாட்டும்போது முறுக்கிவிட்டால் பிறகு சுருதி எந்நாளும் சுத்தமாக நிற்காது. குண்டு முனையை வால்துண்டில் செருகியபின் தந்தியைத் தளர்வாகத் தொங்கவிட்டு, தானாகத் திரும்பி அமைதியானபின் பிருடைத் துளையில் கோருங்கள். அதிகப்படி நீளத்தை வெட்டியே ஆக வேண்டுமென்றால் முதலில் செங்கோணமாக மடித்துவிட்டு, மடிப்புக்கு அப்பால் வெட்டுங்கள்; மடிக்காமல் வெட்டினால் மேல்சுற்று உள்ளுக்குள் அவிழும். சுருதி ஏற ஏற குதிரையின் தலை விரல்பலகைப் பக்கம் சாயும். ஒவ்வொரு தந்திக்குப் பின்னும் குதிரையின் வால்துண்டுப் பக்க முகம் மேல்பலகைக்குச் செங்குத்தாக நிற்கிறதா என்று பாருங்கள். விரல்பலகையின் கடைசியில் தந்தி உயரம் ஜிக்கு 5–6 மி.மீ., ஈக்கு 8–9 மி.மீ. என்று தொடங்கலாம். வைஷ் அகலமாக ஆடுவதால் அதற்கு அரை மி.மீ. கூட்டிக்கொடுங்கள்.

புதிதாக மாட்டியதும் கேட்கும் ஒலியை வைத்து முடிவு செய்துவிடக் கூடாது. முதல் வாரம் தகரத்தில் தட்டியதுபோல் உலோக நெடி அடிக்கும். தினமும் வாசித்தால் இரண்டு மூன்று வாரத்தில் அது படிந்து, அடியில் இருக்கும் இருண்ட, மரத்தன்மை கொண்ட நாதம் வெளியே வரும். முக்கியமான கச்சேரிக்கு முதல் நாள் இந்தத் தந்தியை மாற்றவே கூடாது.

இனி கார்வைக்கு வருவோம். நடையில் ஒவ்வொரு ஸ்வரமும் அடுத்த தட்டுக்குச் சற்று முன்னால் முடிய வேண்டும். அந்த மயிரிழை இடைவெளியில்தான் தாளம் துள்ளுகிறது. நரம்பில் தானாக நடந்த இதை ஸ்பைரோகோரில் இடது கை செய்ய வேண்டும்: விரலைத் தந்தியிலிருந்து எடுக்காமல் அழுத்தத்தை மட்டும் விடுவிப்பது. மெதுவான பாட்டில் அதே விரல் கடைசிவரை அழுந்தி நிற்க வேண்டும். தந்தி மாறும்போது இன்னொரு சிக்கல். ஜியை மீட்டிய வலக்கை விரல் டியில் போய்ச் சாய்ந்து நிற்பதால், கீழ்த்தந்தி தானே அடங்குகிறது. ஏவிலிருந்து ஈக்கு இறங்கும்போது அது நடக்காது. ஏ ஒலித்துக்கொண்டே இருக்கும். இடது கையில் சும்மா இருக்கும் விரலால் அதை லேசாகத் தொட்டு அடக்கப் பழக வேண்டும். மீட்டும் இடமும் முக்கியம்: கட்டைவிரலை விரல்பலகை ஓரத்தில் ஊன்றி, ஆட்காட்டி விரலின் பக்கவாட்டுச் சதையைத் தந்தியோடு நீளமாகக் கிடத்தி, பலகையின் முனைக்கு அருகில் இழுத்தால் ஒலி பருக்கும். நுனிவிரலால் கொத்தினால் இந்தத் தந்தி ஈவிரக்கமில்லாமல் மெலிந்து கேட்கும்.

வில்லுக்கு இது நல்ல தந்தி இல்லை. ஸ்வரம் எழும்ப நேரமெடுக்கிறது, தொடக்கத்தில் கரகரப்பும் விசிலும் வருகின்றன. வில்லின் எடையைக் கூட்டி, வேகத்தைக் குறைத்து, குதிரையை ஒட்டி இழுத்தால் ஓரளவு கட்டுப்படும். ஜாஸ் பேஸ் கலைஞர் பால் சேம்பர்ஸைப் போல வில்லால் தனிவாசிப்பு செய்ய ஆசைப்படுபவர்களும், பகலில் ஆர்கெஸ்ட்ரா இரவில் ஜாஸ் என்று பிழைப்பவர்களும் வேறு தந்தி தேடுவதே மேல். இரண்டாவது வகையினர் நிறையப் பேர். அவர்களுக்கு ஒரே பேஸ், ஒரே தந்திதான் வசதிப்படும். பிராஸ்ட்ரோவின் எவா பிராஸியோ டடாரியோவின் ஹெலிகோர் ஹைப்ரிடோ அவர்களுக்குப் பொருத்தமான சமரசம். எவா பிராஸியில் செயற்கை இழை உள்ளீடு; நரம்பின் பருமன் கொஞ்சம் கிடைக்கும். ஹெலிகோர் ஸ்பைரோகோரைவிட வில்லுக்கு இணங்கும், ஆனால் உறுமல் குறைவு.

ஒலிபெருக்கியில் இணைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. குதிரையில் பொருத்தி அதிர்வை மின்சமிக்ஞையாக்கும் பீசோ பிக்கப் இந்தத் தந்தியின் உலோக ஓரத்தைப் பிடித்துப் பெரிதாக்கிவிடும். அந்தச் சமிக்ஞையை வாங்கிப் பெருக்கும் பிரீஆம்பின் இன்புட் மின்னெதிர்ப்பு குறைந்தது 1 மெகாஓம் இருக்க வேண்டும். குறைந்தால் அடிநாதம் கரைந்து நகம் கீறுவதுபோன்ற சத்தம் மிஞ்சும். 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரை சற்று இறக்குங்கள். ‘சி’ நீட்டிப்பு இல்லாத பேஸில் 35 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடலாம், அங்கே ஸ்வரம் எதுவும் இல்லை. கார்வை நீளமானதால் ஊளையும் சீக்கிரம் பிறக்கும். பேஸ் நாபைத் தொடுவதற்கு முன் ஃபேஸ் சுவிட்சை மாற்றிப் பாருங்கள், பல அறைகளில் அதுவே போதும்.

எல்லோரும் இதில்தான் வாசிக்க வேண்டும் என்பதில்லை. ரான் கார்டர் லா பெல்லாவின் கறுப்பு நைலான் சுற்றுத் தந்தியில் வாசிப்பவர். 2,221 ஒலிப்பதிவுகளில் பங்கேற்ற ஜாஸ் பேஸ் கலைஞர் என்று 2015-இல் கின்னஸ் சாதனைப் புத்தகம் அவரைப் பதிவு செய்தது. இன்னொரு ஜாஸ் பேஸ் கலைஞரான சார்லி ஹேடன் கடைசிவரை நரம்பின் ஒலியை விடவில்லை. அவர் வாசிப்பில் ஒரு ஸ்வரம் முடிந்தபின் வரும் மௌனத்துக்கும் எடை உண்டு. ஸ்பைரோகோரில் அதை எட்டக் கூடுதல் உழைப்பு வேண்டும். தந்தியை அறைந்து வாசிக்கும் பழைய ஸ்லாப் பாணிக்கும் இது உதவாது, விரலைக் கிழித்துவிடும்.

ஆயுள் விஷயத்தில்தான் இந்தத் தந்தி வேலை செய்யும் கலைஞரின் பக்கம் நிற்கிறது. விலை குறைவில்லை என்றாலும் ஒரு தொகுதி சாதாரணமாகச் சில ஆண்டுகள் தாங்கும். நிச்சயமில்லாத வருமானத்தில் வண்டிச்செலவும் வாத்தியப் பழுதும் பார்க்கும் ஒருவருக்கு இது பெரிய ஆறுதல். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடையுங்கள். அழுக்கு ஏறினால் துணியில் ஓரிரு சொட்டு ஆல்கஹால் விட்டுத் துடைக்கலாம். வார்னிஷில் ஒரு துளி விழுந்தாலும் கரைத்துவிடும் என்பதால் தந்திக்குக் கீழே இன்னொரு துணி விரித்துக்கொள்ளுங்கள். தந்தி தீர்ந்துவிட்டதா என்று பார்க்க ஒரு சோதனை: நடுப்புள்ளியில் விரலை லேசாகத் தொட்டு மேல்சுரத்தை எழுப்புங்கள், பிறகு அதே இடத்தில் அழுத்தி மீட்டுங்கள். இரண்டும் சுருதி சேரவில்லையென்றால் உள்ளீடோ சுற்றோ கெட்டுவிட்டது. மேல்முனையை ஒட்டிய இடத்தில் சுற்று விலகியிருக்கிறதா என்றும் நகத்தால் தடவிப் பாருங்கள்.

மாற்றும்போது நல்ல நிலையில் கழற்றிய பழைய தந்திகளைத் தூக்கி எறியாதீர்கள். பெரிய வட்டமாகச் சுருட்டி, எந்தத் தந்தி, எந்தத் தடிமன் என்று சீட்டு ஒட்டி, பேஸ் உறையின் பையில் வையுங்கள். மேடையில் ஒன்று அறுந்தால், பழகிய மூன்றுக்கு நடுவே புத்தம்புதிய ஸ்பைரோகோர் மட்டும் இரவு முழுக்கத் தனியாகக் கத்தும். பையிலிருக்கும் பழையதோ மாட்டிய உடனே மற்ற மூன்றோடு சேர்ந்துவிடும்.