கதை வரைவுக்குக் கருத்து: டாக்ஸில் எழுதச் சொல்வதா, மீட்டில் பேசச் சொல்வதா?

வாட்ஸ்அப் குழுவில் கதையைப் போட்டுக் கருத்து கேட்பதை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். அங்கே வருவது கைகூப்பும் எமோஜி, ‘அருமை தோழர்’, மிஞ்சிப்போனால் ‘நேரம் கிடைக்கும்போது வாசிக்கிறேன்’. அதற்குள் யாராவது பிறந்தநாள் வாழ்த்து போட, கதை மேலே ஏறிக் காணாமல் போய்விடும். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஓடுகிற அரட்டைக்கு நடுவே ஒரு முழுச் சிறுகதையை யார் நின்று வாசிப்பார்கள்? இணையத்தில் கூடும் எழுத்துக் குழுக்களில் நிஜமான போட்டி இரண்டு வழிகளுக்கு இடையில்தான்: கூகுள் டாக்ஸில் ஓரத்தில் கமெண்ட் எழுதுவது, கூகுள் மீட்டில் கூடிப் பேசுவது.

டாக்ஸில் வசதி அதிகம். எந்த வரி இடறுகிறதோ அந்த வரிக்கு நேராகவே எழுதலாம். சென்னைக்காரர் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு எழுதுவார், டொராண்டோவில் இருப்பவர் தன் மதிய இடைவேளையில் எழுதுவார். எல்லோருக்கும் ஒத்துவரும் நேரத்தைத் தேடி அலைய வேண்டாம். சொன்னது எழுத்தில் நிற்பதால், கோபம் ஆறியபின் திரும்பப் படிக்கலாம். புதிதாக எழுத வருபவர்களுக்கு இது பெரிய விஷயம்.

ஆனால் தமிழில் இந்த வசதியை ஒற்று விழுங்கிவிடுகிறது. வரைவில் ‘கதவை திறந்தாள்’ என்று இருக்கட்டும். வந்தவரெல்லாம் அங்கே நின்று ஒரு ‘த்’ போட்டுவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போவார்கள். பக்கம் முழுக்கக் குறிப்பு, பார்க்க நிறைவாக இருக்கும். ‘மூன்றாம் பக்கத்தில் வரும் அண்ணன் எதற்கு?’ என்று கேட்க ஒருவர்கூட மிஞ்சியிருக்க மாட்டார். திருத்துவதற்குச் சுலபமானது கண்ணில் முதலில் படுகிறது, அவ்வளவுதான்.

வரியையே மாற்றிக் காட்டும் டாக்ஸின் பரிந்துரை முறையைத் திறந்து வைத்தால் இன்னும் ஆபத்து. நெல்லைப் பேச்சில் ஒரு பாட்டி ‘மாமா வந்துட்டாவ’ என்கிறாள். ஒருவர் நல்லெண்ணத்தோடு அதை ‘வந்துவிட்டார்கள்’ ஆக்கிவிடுவார். எழுதியவர் அசதியில் எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்ளும் பொத்தானை அமுக்கினால், பாட்டி அந்த இடத்திலேயே செய்தி வாசிக்க ஆரம்பித்துவிடுவாள். ஆகவே டாக்ஸ்தான் என்று முடிவுசெய்தால், ஓரத்தில் கமெண்ட் மட்டும் எழுதுங்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். திருத்தும் அனுமதி யாருக்கும் வேண்டாம்; கமெண்ட் போடும் அனுமதி மட்டும் கொடுத்தாலும் பரிந்துரை போட முடியும் என்பதால் வாயால் சொல்வதும் அவசியம்.

இன்னொன்று, முதல் கமெண்டின் அதிகாரம். குழுவில் மூத்தவர் ‘முடிவு செயற்கை’ என்று எழுதிவிட்டால், பிறகு வருபவர்கள் ‘ஆமாம், எனக்கும்’ என்று கீழே சேர்ந்துகொள்வார்கள். ஆளுக்கொரு பிரதி எடுத்துத் தனித்தனியாக அனுப்பினால் இது தீரும். சற்றே சள்ளை பிடித்த வேலை, ஆனால் பலன் உண்டு.

மீட்டில் பேசுவதென்றால் அதற்கும் ஒரு ஒழுங்கு வேண்டும். இல்லையென்றால் டீக்கடை பெஞ்சுதான். அமெரிக்க அறிவியல் புனைகதைக்காரர்கள் இதற்கு நல்ல வழி வைத்திருக்கிறார்கள். 1956இல் எழுத்தாளர் டேமன் நைட்டும் நண்பர்களும் பென்சில்வேனியாவின் மில்ஃபோர்டு என்ற ஊரில் ஆரம்பித்த எழுத்துப் பட்டறையிலிருந்து வந்தது. 1968இல் தொடங்கிய கிளாரியன் பட்டறையும் அதையே எடுத்துக்கொண்டது. எல்லோரும் கதையை முன்கூட்டியே வாசித்துவிட்டு வர வேண்டும். ஒவ்வொருவராக, குறுக்கீடு இல்லாமல் பேச வேண்டும். அதுவரை எழுதியவர் வாய் திறக்கக் கூடாது. கடைசியில்தான் அவர் முறை.

அந்த மௌனம்தான் இதில் முக்கியம். நம் கூட்டங்களில் ஒருவர் ‘அந்த இடம் புரியவில்லை’ என்றதுமே எழுதியவர், ‘இல்லை சார், அதாவது அவள் அப்போதே முடிவெடுத்துவிட்டாள்’ என்று விளக்கப் புகுந்துவிடுவார். விளக்கம் நன்றாகவே இருக்கும், கதையில்தான் இருக்காது. மியூட்டில் உட்கார வைத்தால், தான் எழுதியதாக நினைத்ததில் எவ்வளவு உண்மையில் எழுத்தில் வந்திருக்கிறது என்பது அவருக்கே தெரியவரும். பேச்சில் யாரும் ஒற்றைப் பற்றி வாய் திறப்பதில்லை என்பது கூடுதல் லாபம்.

குறை இல்லாமல் இல்லை. நான்கைந்து பேர் வரிசையாகக் குறை சொல்ல, பதில் பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பது தோல் தடித்தவர்களுக்கே கஷ்டம். வாசிக்காமல் வந்தவர் முன்னால் பேசியவர் சொன்னதையே வேறு சொற்களில் திருப்பிச் சொல்லுவார். அட்மின் கண்டிப்பானவராக இல்லாவிட்டால் ஒருவரே அரை மணி நேரத்தை எடுத்துக்கொள்வார்.

இந்தக் கடுமைக்கு மாற்றாக, நடன அமைப்பாளர் லிஸ் லெர்மன் உருவாக்கிய முறையைச் சிலர் பரிந்துரைப்பார்கள். முதலில் மனதில் நின்றதைச் சொல்ல வேண்டும். அடுத்து எழுதியவர் கேள்வி கேட்பார். பிறகு மற்றவர்கள் சார்பில்லாத கேள்விகள் கேட்பார்கள். கடைசியில் அனுமதி வாங்கிக்கொண்டு அபிப்பிராயம். மூன்றாவது படியில்தான் நம்மவர்கள் சறுக்குவார்கள். ‘ஏன் முடிவை இவ்வளவு அவசரமாக முடித்தீர்கள்?’ என்பது கேள்வி வேஷம் போட்ட தீர்ப்பு. ‘கடைசிக் காட்சியில் வாசகர் யார் பக்கம் நிற்க வேண்டும் என்று நினைத்தீர்கள்?’ என்றால்தான் கேள்வி. இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்ட ஒரு நடத்துநர் இருந்தால் முதல் கதை எழுதுபவருக்கு இதைவிட நல்ல வழி இல்லை. இல்லாவிட்டால் முதல் படியோடு கூட்டம் பாராட்டு விழாவாகிவிடும்.

ஆள் வராததுதான் உங்கள் குழுவின் சிக்கல் என்றால், ஸ்க்ரைபோஃபைல், கிரிட்டிக் சர்க்கிள் போன்ற ஆங்கிலத் தளங்களில் ஒரு யோசனை இருக்கிறது. அங்கே பிறர் எழுத்துக்கு விமர்சனம் எழுதிப் புள்ளி சேர்த்தால்தான் உங்கள் எழுத்தை முன்வைக்க முடியும். தமிழ்க் குழுவிலும் ‘இரண்டு கதைக்குக் கருத்து சொன்னவர் கதைக்குத்தான் அடுத்த முறை’ என்று வைக்கலாம். கருத்தின் நீளத்தை மட்டும் அளவாக வைக்காதீர்கள், கதைச்சுருக்கத்தையே எழுதி நிரப்பிவிடுவார்கள்.

என் சார்பு மீட் பக்கம்தான். கதை இன்னும் இளகி இருக்கும்போது, அதாவது பாத்திரத்தையே தூக்கிவிடலாமா என்ற நிலையில், நான்கைந்து பேர் கொண்ட மௌன முறை. அதை வைத்துத் திருத்தி எழுதியபின் டாக்ஸ். அப்போது ஒற்றையும் ன, ண வித்தியாசத்தையும் தாராளமாகப் பார்க்கட்டும். வரிசையை மாற்றினால், நாளை வெட்டப்போகும் பத்தியை இன்றைக்கு ஐந்து பேர் பளபளப்பாக்கிக்கொண்டிருப்பார்கள்.

நாவலுக்கு இரண்டுமே சரிப்படாது. வாரம் ஓர் அத்தியாயம் என்று மீட்டில் வைத்தால் ஏழாவது அத்தியாயத்துக்கு வருவதற்குள் இரண்டாவதில் யார் செத்தார் என்பதே பலருக்கு மறந்திருக்கும். ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் ஒரு திடீர் முடிவு கேட்பார்கள். நம்பிக்கையான ஒரே ஓர் ஆளிடம் முழுசாகக் கொடுத்துவிடுங்கள். எந்தப் பக்கத்தில் கீழே வைத்தார், திரும்ப எடுக்க எத்தனை நாள் ஆயிற்று, இந்த இரண்டையும் ஒரு வாய்ஸ் நோட்டில் சொல்லச் சொன்னால் போதும்.